தாபாவ் (பார்சல் சாப்பாடு) வாங்க எவர்சில்வர் கேரியர், வாங்கலாமா வேணாமா?

மொதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட போயிடலாம். இங்க சிங்கப்பூர்ல வீட்டுக்குக் கீழ இருக்கற கோப்பிக்கடைல (பல சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கற எடம்) அடிக்கடி சாப்பாடு கட்டிட்டு வர்ற ஆளா இருந்தா இந்த கேரியர் உங்களுக்கு செட் ஆகும். ஆஃபீஸ் முடிஞ்சு வர்ற வழில திடீர்னு தோணி எதையாச்சும் வாங்குறவங்கன்னா வேணாம், கிச்சன் கேபினட்ல தான் கெடக்கும், அதுக்கு எதுக்கு காசு.

நான் வாங்குனது ரெண்டு அடுக்கு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பாத்திரக்கடைல, 24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிராண்டு பேரெல்லாம் ஒண்ணும் கெடையாது. கடைக்காரர் பழைய பேப்பர்ல சுத்தி கைல குடுத்துட்டார், அவ்ளோதான் பேக்கிங். இதே சாமான ஒரு மால்ல, சஸ்டெய்னபிள் லிவிங்னு போர்டு வச்ச கடைல, மரக் கைப்பிடி போட்டு 69 வெள்ளிக்கு வச்சிருந்தாங்க. வெளிய ஒரு அட்டைப்பெட்டி, உள்ள டிஷ்யூ பேப்பர், அதுக்குள்ள பூமியக் காப்பாத்துறீங்க நன்றின்னு ஒரு கார்டு வேற. குப்பைய கொறைக்கிறேன்னு சொல்லி இவ்ளோ குப்பையோட ஒரு பொருள விக்கிறதுக்கு தனி தெறமை வேணும்.

ஸ்டீல பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதுல தான் நெறைய பேர் ஏமாறாங்க. காந்தம் ஒட்டலேன்னா நல்ல ஸ்டீலுன்னு ஒரு நம்பிக்கை இருக்குல்ல, அது பாதி தான் சரி. நல்ல பாத்திரம்னு நாம சொல்றது 304 கிரேடு, அதுல குரோமியம் சுமார் 18%, நிக்கல் சுமார் 8%, அதனால தான் 18/8-ன்னும் சொல்றாங்க. 201-ன்னு இன்னொண்ணு இருக்கு, நிக்கல கொறச்சு அந்த எடத்துல மாங்கனீஸ சேத்திருப்பாங்க, வெல கம்மி, அதுலயும் காந்தம் பெருசா ஒட்டாது, ஆனா புளியும் உப்பும் பட்டுக்கிட்டே இருந்தா சீக்கிரம் புள்ளி விழும். நம்ம வீட்டு சாப்பாட்டுல புளியும் உப்பும் இல்லாத நாள் எது? அதனால காந்தத்த நம்பாதீங்க, அடில என்ன குத்தியிருக்குன்னு பாருங்க, கடைக்காரர்ட்டயும் வாயத் தொறந்து கேளுங்க. என்னோடதுல 304-ன்னு இருக்கு, ரசம், மீன் குழம்பு, அசாம் பெடாஸ்ங்கற புளிப்பான மலாய் மீன் குழம்பு எல்லாம் ஊத்தியாச்சு, உள்பக்கம் வாங்குன அன்னிக்கு மாதிரியே இருக்கு.

குறை எங்கன்னா விளிம்புல. ஒவ்வொரு கிண்ணத்தோட மேல் விளிம்பையும் வெளிப்பக்கமா சுருட்டி மடிச்சிருக்காங்க, அந்த மடிப்பு முழுசா மூடல, ஒரு நூல் அளவு இடைவெளி சுத்தி வருது. கழுவுறப்ப சோப்புத் தண்ணி அதுக்குள்ள போயிடும், கவுத்து வச்சாலும் முழுசா வடியாது, மறுநாள் தூக்குனா கைல சொட்டும். காதுகுடையற பட்ஸ வச்சு ஒரு தடவ சுத்திப் பாத்தேன், கருப்பா வந்துச்சு. இப்பல்லாம் கழுவி முடிச்சு வெந்நீர் ஊத்திட்டு ஃபேனுக்கு நேரா வச்சுடறது, சூட்டுலயே காஞ்சிடுது. பக்கவாட்டு கிளிப்பும் அப்படித்தான், ஒரு பக்கம் டக்குன்னு பூட்டுது, இன்னொரு பக்கத்த கட்டவிரல் வச்சு அழுத்துனா தான் உக்காருது. சூடா குழம்பு இருக்கறப்ப அந்த அழுத்துறது ஒரு கலை, ஸ்டீல் வேற கொதிக்கும், கைல ஒரு துணி இல்லாம தொடவே முடியாது.

இன்னொண்ணு, சூடா சாதத்த வச்சு மூடிட்டு வீட்டுக்கு வந்து ஆற வச்சா மூடி அப்படியே உறிஞ்சிக்கிட்டு ஒட்டிக்கும், உள்ள ஆவி ஆறி காத்து அழுத்தம் கொறையறதால. இழுத்து இழுத்து நகம் ஒடைச்சுக்க வேணாம், மூடி மேல கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துனா விட்டுடும்.

சரி, கடைல எப்படி? எங்க புளோக்குக்கு கீழ இருக்கற நம்மாளு கடைல மொத நாள் கேரியர நீட்டுனதும் அண்ணன் மொகமே மாறிடுச்சு, "என்னம்மா, யாரு ஆஸ்பத்திரில?"ன்னு கேட்டார். இல்லண்ணே, வீட்டுக்குத்தான்னு சொன்னதும் பின்னாடி மாவு பெசையற தம்பிக்கு சிரிப்பு தாங்கல. அதுக்கப்புறம் பழகிடுச்சு, இப்ப நான் தூரத்துல வர்றப்பவே கைய நீட்டிடுவார், குழம்பு கீழ, சாதம் மேல, பொரியல் சாதத்துக்கு ஓரமா. ஒண்ணு கவனிச்சீங்களா, டப்பால போட்டா டப்பா அளவுக்குத்தான் வரும், கேரியர்ல போட்டா அளவு தெரியாம ஒரு கரண்டி கூடத்தான் விழுது. இத நான் அவர்ட்ட சொல்லப் போறதில்ல.

சீன ஆன்ட்டி எக்கானமி ரைஸ் கடைல (சாதத்துக்கு வேணுங்கற கறிய கைகாட்டி வாங்கறது) பிரச்சனையே இல்ல, சந்தோஷமா வாங்கி போட்டுக் குடுப்பாங்க. கூட்டம் இருக்கற நேரத்துல சிக்கன் ரைஸ் கடைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க வேகமே அந்த டப்பாவ வரிசையா தொறந்து வச்சிருக்கறதுல தான் இருக்கு, நம்ம கேரியர் நடுவுல போனா பின்னாடி நிக்கறவங்க எல்லாரும் நம்ம முதுகையே பாப்பாங்க. மத்தியானம் 12-லேர்ந்து 1 மணி வரைக்கும் வேணவே வேணாம்.

பரோட்டாவுக்கு இது சுத்தமா ஒத்து வராது. மூடி போட்ட ரெண்டாவது நிமிஷம் ஆவில நனைஞ்சு ரப்பர் ஆயிடும், அது கடைலயே உக்காந்து சாப்பிட வேண்டிய சாமான், அதான் தட்டு இருக்குல்ல. மீ சோத்தோ, மீ சியாம் மாதிரி நூடுல்ஸ் எல்லாம் சூப்ப கீழ அடுக்குலயும் மீய (நூடுல்ஸ) மேல அடுக்குலயும் தனித்தனியா வாங்கிட்டா பிளாஸ்டிக் பைய விட நல்லாவே இருக்கு. மைக்ரோவேவ்ல வைக்க முடியாது, ஆஃபீஸ்ல சூடு பண்ணி சாப்பிடற ஆளுங்க இத மறந்துடாதீங்க, ஸ்டீல உள்ள வச்சா தீப்பொறி பறக்கும். எம்ஆர்டி ரயில்ல எடுத்துட்டு போனா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, சாப்பிட்டா தான் 500 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆனா மூடி சரியா பூட்டாம நெத்திலி சம்பல் வாசன பெட்டி முழுக்க பரவுச்சுன்னா டுரியான் பழத்த தடை பண்ண மாதிரி நம்மளையும் பண்ணிடுவாங்க.

காசுக் கணக்கு பாக்கறவங்களுக்கு: எங்க பக்கம் தாபாவ் டப்பாவுக்கு 20 காசு, 30 காசு வாங்குறாங்க. 30 காசுன்னு வச்சா 80 தடவைல போட்ட 24 வெள்ளி திரும்பி வந்துடும், அதுக்கு மேல லாபம். 69 வெள்ளி கேரியருக்கு அது 230 தடவ, கார்டு மட்டும் ஃப்ரீ. சில கடைல நம்ம பாத்திரம் குடுத்தாலும் அந்த 30 காச கழிக்க மாட்டாங்க, கேட்டா மெஷின்ல அப்படித்தான் வருதுன்னு பதில், நான் சண்ட போடறதில்ல.

காசுக்காக மட்டும் நான் இத செய்யல. சூப்பர்மார்க்கெட்ல 2023 ஜூலை 3-லேர்ந்து ஒரு பைக்கு கொறஞ்சது 5 காசு வாங்க ஆரம்பிச்சாங்கல்ல, அன்னிக்கே எல்லார் கைலயும் துணிப்பை வந்துடுச்சு, நம்ம பாட்டிங்க கூட சொல்லாமலே எடுத்துட்டு போறாங்க. ஆனா அது பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான், கோப்பிக்கடைக்கு இல்ல, அங்க ஒரு ஆளு சாப்பாட்டுக்கு ஒரு டப்பா, குழம்புக்கு ஒரு பை, சம்பலுக்கு ஒரு குட்டி டப்பா, ஸ்பூன், அது எல்லாத்துக்கும் மேல ஒரு தூக்குப் பை, இருபது நிமிஷம் பயன்படுத்திட்டு குப்பைக் குழாய்ல தள்ளிட வேண்டியது. எண்ணெய் பிடிச்ச டப்பாவ மறுசுழற்சிக்கு வச்சிருக்கற நீலத்தொட்டில போட்டா கூட இருக்கற காகிதத்தையும் சேத்து கெடுத்துடும். நம்ம குப்பை எரியற குப்பை, எரிச்ச சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகுது, 1999-ல தொறந்தது, நமக்கு இருக்கற ஒரே குப்பைக்கிடங்கு, 2035 வாக்குல நெரம்பிடும்னு கணக்கு. சரி, பயோடிகிரேடபிள் டப்பா வாங்கலாமேன்னா அதுவும் இதே அடுப்புக்குத்தான் போகுது, மண்ணுல மக்கறதுக்கு இங்க மண்ணுக்கே போறதில்லயே. தேசிய சுற்றுப்புற வாரியம் 2018-ல பண்ண ஆய்வும் ஒரு தடவ தூக்கிப் போடற ஒண்ண இன்னொண்ணா மாத்துறதால கட்டாயம் நல்லது நடக்கும்னு சொல்ல முடியாதுன்னு தான் சொல்லுச்சு. அப்ப மிச்சம் இருக்கறது திரும்பத் திரும்ப கழுவிப் பயன்படுத்தறது தான், அதுக்கு இந்த கேரியர் போதும்.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேல செய்யுங்க. அம்மா வீட்டு பாம் ஷெல்ட்டர்ல (சாமான் போட்டு வைக்கிற பாதுகாப்பு அறை), மாமியார் வீட்டு ஸ்டோர் ரூம்ல கொஞ்சம் துழாவிப் பாருங்க. கல்யாணத்துக்கு வந்தது, பேர் வெட்டுனது, மூணு அடுக்கு நாலு அடுக்குன்னு எதாவது ஒண்ணு பழைய துணிக்கு அடில கண்டிப்பா இருக்கும். என் நாத்தனார் வீட்டுல இருந்ததுல அவங்க மாமனார் பேரும் தேதியும் வெட்டியிருக்கு, அந்த விளிம்பு மடிப்பு அவ்ளோ இறுக்கமா இருக்கு, ஒரு சொட்டு உள்ள போகாது, எனக்குப் பொறாமையா இருந்துச்சு. வீட்டுல இல்லேன்னா பழைய சாமான் விக்கற கரோசல் ஆப்ல பாருங்க, வீடு மாறுறவங்க அஞ்சு பத்து வெள்ளிக்குப் போடறாங்க. எதுவுமே கெடைக்கலேன்னா மட்டும் புதுசு. ஸ்டீல் பண்றதுக்கும் சுரங்கம், நெருப்பு எல்லாம் ஆகுது, ரெண்டு மாசம் தூக்கிட்டுப் போயிட்டு விட்டுடறவங்க டப்பாலயே வாங்கிக்கலாம், அது கம்மிப் பாவம். ஃபேஸ்புக்ல ஸீரோ வேஸ்ட்னு பாத்துட்டு மூங்கில் ஸ்பூன், ஸ்டீல் ஸ்ட்ரா, தேன்மெழுகுத் துணி, கண்ணாடி ஜாடின்னு ஒரே ஆர்டர்ல வாங்கிக் குவிக்கிறவங்களயும் எனக்குத் தெரியும், பாட்டில் கழுவி காய வைக்கிற எங்க அப்பா அவங்கள விட நூறு மடங்கு தேவல, அவருக்கு சஸ்டெய்னபிள்னா என்னன்னே தெரியாது.

ரெண்டு பேருக்கு ரெண்டு அடுக்கு போதும், மூணு அடுக்கு சாப்பாட்டோட தூக்குனா தோள் வலி, மூணாவது அடுக்கு பாதி நாள் காலியாத்தான் வரும்.

5-க்கு 4 தர்றேன், அரை மார்க் விளிம்புக்கு, அரை மார்க் கிளிப்புக்கு கழிச்சாச்சு. நீங்க வாங்கப் போனா கடைலயே தண்ணி ஊத்தி மூடி கவுத்துப் பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.