பிளேஸ்டேஷன் ஹோமா, இன்றைய பார்ட்டியா?

சோனியின் பிஎஸ்3 கேம் கன்சோலில் 2008 டிசம்பரில் திறந்த மெய்நிகர் உலகமான பிளேஸ்டேஷன் ஹோம், 2015 மார்ச் 31-இல் மூடப்பட்டது. சதுக்கத்தில் நம் உருவம் நடக்கும். முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுத்து, அங்கிருந்தே சேர்ந்து கேமுக்குள் போகலாம். போகிற எல்லோரிடமும் அந்த கேம் இருக்க வேண்டும். அதைவிடத் தொல்லை, ஒவ்வொரு இடத்துக்கும் முதல்முறை தனி டவுன்லோட். ஆனால் புது ஆளைச் சந்திக்க அதற்கு ஈடாக சோனி இன்னும் எதுவும் தரவில்லை. அந்தக் குறை பெரிது.

பிஎஸ்5 பார்ட்டி என்பது நண்பர்கள் சேர்ந்து பேசும் குரல் அரட்டைக் குழு. அதில் உலாவ இடம் கிடையாது, பேச்சுதான். கும்பகோணத்தில் ஒருவர், மன்னார்குடியில் ஒருவர் என்றால் பிஎஸ் பட்டனை அழுத்தி, கேம் பேஸ் என்ற நண்பர்கள் பகுதியில் பார்ட்டி தொடங்கி நண்பரைச் சேர்த்தால் போதும். அவரிடம் கேம் இல்லையா? நம் கேமை அவர் தூரத்திலிருந்தே ஆடும் ஷேர் ப்ளே வசதியில் ஒரு தடவைக்கு 60 நிமிடம் ஆட விடலாம்.

ஒருவர் குரல் மட்டும் கேட்கவில்லையா? உடனே மைக்கை மாற்றாதீர்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்ஷன் ஸ்டேட்டஸ் வழியே இன்டர்நெட் டெஸ்ட் ஓட்டுங்கள். நாட் டைப் 3 (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் தடுக்கும் நிலை) என்று வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ரவுட்டரில், தேவையான வழியைத் தானே திறந்துவிடும் யுபிஎன்பியை ஆன் செய்யுங்கள். ஒரே பொது ஐபியை (இணைய முகவரியை) பல வீடுகள் பகிரும் ஃபைபர் இணைப்பில் அது பலிக்காது. இணைப்பு கொடுத்தவரிடம் தனி பொது ஐபி கேளுங்கள். ஐப்பசி அடைமழையில் கரன்ட் போகும். ரவுட்டரோடு ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரில் போடுங்கள்.