டிரேட் கம்ப்ளையன்ஸ் + டிரான்ஸ்போர்ட் சாஃப்ட்வேர்: திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல சில வருஷம் ஓட்டிப் பார்த்ததுல தெரிஞ்சது

இந்த சாஃப்ட்வேர் நம்ம சரக்கு கஸ்டம்ஸ் ரூலுக்குச் சரியா இருக்கான்னு செக் பண்ணும், எங்க போயிட்டிருக்குன்னும் காட்டும். டெமோல எல்லாரும் வாயைப் பொளக்கறது மேப்பைப் பார்த்துத் தாங்க. நீலக் கடல்ல கப்பல் புள்ளி புள்ளியா நகரும், ஓனர் உடனே "இது நமக்கு வேணும்"னுடுவார். சில வருஷம் தினமும் இதுலயே வேலை பார்த்தவனாச் சொல்றேன், போட்ட காசை எடுத்துக் குடுத்தது அந்த மேப் இல்லை, யாருமே திரும்பிப் பார்க்காத எச்.எஸ். கோடு (கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு சரக்கு வகைக்கும் இருக்கற நம்பர்) ஸ்கிரீன் தான். சாஃப்ட்வேர் பேர் வேண்டாம், பெரிய கம்பெனிங்க விக்கறது எல்லாமே கிட்டத்தட்ட இதே அமைப்பு தான்.

நாங்க நிட்வேர், பெரும்பாலும் டி-ஷர்ட், தூத்துக்குடில ஏத்தி கொழும்பு வழியா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகுது. வெளிய இருந்து பார்த்தா எல்லாம் ஒரே பனியன், ஆனா அமெரிக்க கஸ்டம்ஸுக்கு அப்படி இல்லை. காட்டன் டி-ஷர்ட்னா 6109.10, சாதாரண டூட்டியே 16.5%. அதே டி-ஷர்ட் பாலியஸ்டர் கணக்குல போச்சுன்னா 6109.90, 32%. காட்டன் 60 பாலி 40னா எடை எது ஜாஸ்தியோ அதுன்னு காட்டன்ல நிக்கும், சரி. சரிக்குச் சரி 50-50 வந்தா? நம்பர் வரிசைல கடைசியா வர்ற ஃபைபர் எதுவோ அதுன்னு ரூல், காட்டன் 52ஆவது அத்தியாயம், பாலியஸ்டர் ஸ்டேப்பிள் 55, அப்ப 32% தான். மெர்ச்சண்டைசர் பையரோட பேசிப் பேசி பிளெண்டை மாத்திட்டு டாக்குமெண்டேஷனுக்குச் சொல்லாம விட்டுடுவாங்க இல்லையா, இப்ப ஃபேப்ரிக் காம்போசிஷனை மாத்தினாலே கோடு லாக் ஆகி அப்ரூவல் கேக்குது, அதைத் தாண்டாம இன்வாய்ஸ் வராது. விலை பேசற கட்டத்துலயே இது தெரிஞ்சுடறது எவ்வளவு பெரிய விஷயம்னு எக்ஸ்போர்ட்ல இருக்கறவங்களுக்குப் புரியும். 2024 ஜூன்ல ஐரோப்பாக்காரன் கப்பல் சரக்குக்கு ஐ.சி.எஸ். 2ன்னு முன்கூட்டியே சரக்கு விவரம் குடுக்கற சிஸ்டம் கொண்டு வந்தப்பவும் எங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை, சும்மா "கார்மெண்ட்ஸ்"னு எழுதினா ஏத்துக்கமாட்டான், ஆறு டிஜிட் கோடும் கன்சைனியோட, அதாவது அங்க சரக்கை வாங்கிக்கறவரோட, ஈ.ஓ.ஆர்.ஐ. நம்பரும் (ஐரோப்பிய கஸ்டம்ஸ் பதிவு நம்பர்) வேணும், ரெண்டும் சாஃப்ட்வேரோட மாஸ்டர் டேட்டால ஏற்கனவே கிடந்துச்சு.

அடுத்தது பார்ட்டி ஸ்கிரீனிங். அரசாங்கங்க போட்டிருக்கற தடை லிஸ்ட்ல இருக்கற பேரோட நம்ம பையர், கன்சைனி, சரக்கை அனுப்பி வைக்கற ஃபார்வர்டர், பேங்க் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வாங்கின புதுசுல செட்டிங்கை அப்படியே விட்டா தொலைஞ்சீங்க, துபாய்ல முகமது, அலின்னு பேர் இருக்கற பாதிப் பேர் சிவப்புல வருவாங்க, காலங்காலமா யாவாரம் பண்ற நல்ல மனுஷனை "ஹோல்ட்"னு காட்டும். பேர் மட்டும் இல்லாம ஊர், அட்ரஸ், லைசன்ஸ் நம்பர் எல்லாம் சேர்த்து மேட்ச் பண்ண வெச்சு, கிளியர் பண்ணவங்களுக்குக் காரணம் எழுதி சேவ் பண்ணதுக்கு அப்புறம் தான் அடங்குச்சு. காரணத்தை எழுதாம கிளியர் பட்டனை மட்டும் அமுக்கினீங்கன்னா ஆடிட்ல அது செல்லாது, ஞாபகம் வெச்சுக்கங்க.

சொதப்பல்னா பருத்தி டிரேசிங் தான், அதாவது பருத்தி எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டறது. சீனாவோட ஷின்ஜியாங் பருத்தி எந்த ரூபத்துலயும் உள்ள வரக்கூடாதுன்னு அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21ல அமலுக்கு வந்துச்சு, சந்தேகப்பட்டு நிறுத்திட்டா இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது இம்போர்ட்டர், அவன் பேப்பர் கேட்டு நம்ம கழுத்தைத் தான் புடிப்பான். சாஃப்ட்வேர்ல பார்த்தா ஒரு ஃபேக்டரி, ஒரு சப்ளையர்னு அழகா கட்டம் போட்டிருக்கான். நம்ம ஊர்ல நூல் ஒரு மில்லு, நிட்டிங் ஒருத்தர், டையிங் ஒருத்தர், காம்பாக்டிங் இன்னொருத்தர், பிரிண்டிங் வேற எங்கயோ, எல்லாமே ஜாப் ஒர்க், டிசி (டெலிவரி சலான்) வாட்ஸ்அப்ல போட்டோவா வரும். டையிங் போனதும் லாட் நம்பர் காணாமப் போயிடும், ரெண்டு லாட்டைச் சேர்த்து ஒரே பாத்ல சாயம் போட்டுடுவாங்க. இதை எந்த சாஃப்ட்வேரும் தீர்க்காது, கடைசில டையிங் சூப்பர்வைசர்கிட்ட "அண்ணா, டிசில நூல் லாட்டை மட்டும் எழுதிடுங்ணா"ன்னு கெஞ்சி வாங்கறது தான் நடக்குது.

டிரான்ஸ்போர்ட் பக்கம் வருவோம். 2023 கடைசில செங்கடல்ல தாக்குதல் ஆரம்பிச்சு கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சுது, பத்து நாள் ரெண்டு வாரம் கூட ஆச்சு, நம்ம சாஃப்ட்வேர் மட்டும் கொஞ்ச காலம் சூயஸ் கணக்குலயே வர்ற தேதி காட்டிட்டிருந்துச்சு, லீட் டைமை நாமளே கையால மாத்தணும்னு சப்போர்ட்ல சொன்னாங்க. மேப்புல நகர்றது கப்பலுங்க, நம்ம பெட்டி இல்லை. கனெக்‌ஷன் மிஸ் ஆகி கன்டெய்னர் கொழும்பு யார்டுல உக்காந்திருக்கும், புள்ளி ஜம்முனு கடல்ல போயிட்டிருக்கும்.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ரெண்டாவது 25% கூடுதல் வரி போட்டப்ப தான் தேதி எவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுது. ஆகஸ்ட் 27க்கு முன்னாடி கப்பல்ல ஏறி, செப்டம்பர் 17க்கு முன்னாடி அங்க என்ட்ரி ஆன சரக்குக்கு அந்தக் கூடுதல் வரி இல்லைன்னான். சாஃப்ட்வேர்ல "லோடட்"னு இருக்கறது சி.எஃப்.எஸ்.ல (துறைமுகம் பக்கத்துச் சரக்கு கிடங்கு) பெட்டில சரக்கை அடைச்சு முடிஞ்ச தேதி! பி.எல்.ல (கப்பல் கம்பெனி குடுக்கற ரசீது) இருக்கற ஆன்போர்டு தேதி, அதாவது நிஜமா கப்பல்ல ஏறின தேதிக்குத் தனி கட்டம் போட வெச்சு தான் பையருக்கு லிஸ்ட் அனுப்பினோம். ஆனா எந்த பி.ஓ. (பையரோட ஆர்டர்) எந்தப் பெட்டில இருக்குன்னு உடனே பிரிச்சுக் குடுத்துச்சு, எக்ஸெல்ல அது நடந்திருக்காது.

இன்னொண்ணு, எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு நம்ம அரசாங்கம் வரியைத் திருப்பிக் குடுக்கற ஸ்கீமுங்க, வெளிநாட்டு சாஃப்ட்வேருக்கு ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல்.லும் தெரியாது, டிராபேக்கும் தெரியாது. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸ்ல குடுக்கற படிவம்) இன்னும் சி.எச்.ஏ., அதாவது நம்ம கஸ்டம்ஸ் ஏஜென்ட் தான் ஐஸ்கேட்ங்கற கஸ்டம்ஸ் வெப்சைட்ல போடறார், அதே விவரத்தை ரெண்டு தடவை டைப் அடிக்கறோம்.

மாசத்துக்கு நாலஞ்சு பெட்டி, ரெண்டே பையர்னு இருக்கறவங்க வாங்க வேண்டாம், நல்ல சி.எச்.ஏ. போதும். வாங்கறதுன்னா ஸ்கிரீனிங்குக்குத் தடவைக்கு இவ்வளவுன்னு ரேட் போடுவாங்க, பழைய பார்ட்டியை ராத்திரி திரும்ப செக் பண்றதும் அதுல கணக்காகுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. நாங்க இந்த ரினியூவல்ல மேப் மாட்யூலைத் தூக்கிட்டோம், ஓனருக்குத் தான் கொஞ்சம் வருத்தம்.