ஒரே 35 எம்எம் லென்ஸ், எட்டு வருஷம், மதுரைத் தெருக்கள்

2017 ஆடி மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லென்ஸ் இது. 35 எம்எம் (இந்த எண் சின்னதானால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், பெரிதானால் தூரத்தைக் கிட்டே இழுக்கும்), எஃப் 2 (லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்ற எண், சின்னதானால் வெளிச்சம் அதிகம்), ஜூம் கிடையாது. பிழைப்பு கல்யாண போட்டோகிராபி, அதற்கு 85 எம்எம் லென்ஸும் 70-200 ஜூம் லென்ஸும் தனியாக இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் விடிகாலையில் ஃபுல் ஃபிரேம் பாடியில் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள கேமரா) இந்த ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிவிடுவேன். மாசி வீதிகள், வெங்காய மார்க்கெட், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், சித்திரை வந்தால் வைகை ஆறு. எட்டு வருஷமாகத் தெருவில் வேறு லென்ஸ் கையில் எடுத்ததில்லை. எந்தக் கம்பெனி லென்ஸ் என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எல்லாக் கம்பெனியும் 35 போடுகிறது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெருப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. நான் சொல்ல வந்தது அந்த 35 என்ற அளவைப் பற்றி, அதோடு பழகிய பழக்கத்தைப் பற்றி.

முதலில் ஒரு கணக்கு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர், லென்ஸ் 35. ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்தில் விழும். ஆறடி தள்ளி நின்றால் ஆறடி அகலம், நாலடி உயரம். தரையில் உட்கார்ந்து பூக்கட்டும் ஒரு அக்கா, அவருடைய கூடை, நனைத்துப் போட்ட சாக்கு, பக்கத்தில் தூங்கும் பேரப்பிள்ளை எல்லாம் அந்த ஆறுக்கு நாலுக்குள் அடங்கிவிடும். வாங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் இதை நான் கவனித்தேன், கவனித்த பிறகு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே எங்கே நிற்க வேண்டும் என்று காலே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஏபிஎஸ்-சி பாடி (அதைவிடச் சின்ன சென்சார் உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் இதே அகலத்துக்கு 23 எம்எம் பார்க்க வேண்டும், அதில் 35 மாட்டினால் 50 போல ஒடுங்கிவிடும்.

இதற்கு முன்னால் நானும் 70-200ஐத் தூக்கிக்கொண்டுதான் தெருவுக்குப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று முகத்தை மட்டும் பிடிப்பேன், பின்னால் எல்லாம் கரைந்து வெண்ணெய் மாதிரி இருக்கும், பார்க்கிறவர்களும் பிரமாதம் என்பார்கள். அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் இது கீழமாரட் வீதியா, கோயம்பேடா என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் வெங்காய மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "தம்பி, அங்கிட்டு ஒளிஞ்சு நின்னு எடுக்கிறதுக்கு இங்கிட்டு வந்தே எடுக்கலாம்ல" என்றார். அன்றைக்கு ரோட்டைக் கடக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. 35 வாங்கியதற்கு நேரடிக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லென்ஸைக் கற்றுக்கொண்டது அங்கேதான். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த மல்லி மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்பட்டு, சாயங்காலம் தலையில் ஏறியபின் விரிய வேண்டும் என்பதால், மார்க்கெட்டில் எல்லாமே அவசரம். மூட்டை அவிழும், தராசில் ஏறும், விலை சொல்லி முடிப்பதற்குள் கைமாறும். மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி என்று காலடியில் நிறம் நிறமாக மிதிபடும். இந்த நெரிசலில் ஆட்டோஃபோகஸை நம்பி நிற்க முடியாது, குறுக்கே ஒருவர் கூடையோடு போனால் அவர் முதுகில் போய் ஃபோகஸ் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வெளிச்சம் வந்த பிறகு மேனுவலில் போட்டுவிடுவேன்: எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டரில். அப்படி வைத்தால் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். இன்னும் கிட்டத்தில் நிற்பதென்றால் 2 மீட்டரில் வைப்பேன், ஒன்றரையிலிருந்து மூன்றேகால் மீட்டர் வரை கிடைக்கும். ஃபோகஸ் வளையத்தில் அந்த ரெண்டு இடத்திலும் வெள்ளை நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன், இருட்டில் பார்க்கக்கூட வசதியாக இருக்கிறது.

பூக்கட்டும் கைகளை எத்தனை தடவை எடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், நார் ஒரு சுற்று, விரலால் ஒரு இழுப்பு, அடுத்த கண்ணி. கட்டுகிற அக்கா கையைப் பார்ப்பதே இல்லை, பக்கத்துக் கடைக்காரியோடு மகள் கல்யாண விஷயம் பேசிக்கொண்டே முழம் முழமாக இறங்குகிறது. 1/500 செகண்ட் ஷட்டர் வேகத்தில் எடுத்தால் விரல்கள் சிலை மாதிரி நின்றுவிடும், நன்றாக இருக்கும், ஆனால் அந்த வேகம் செத்துப்போகும். 1/60க்கு இறக்கினால் கட்டி முடித்த சரம் தெளிவாகவும் விரல் மட்டும் லேசாகக் கலைந்தும் விழும். எனக்கு இதுதான் பிடிக்கிறது. அந்தக் கலைசலைப் பார்த்தால் அவர் எவ்வளவு வேகமாகக் கட்டுகிறார் என்று புரியும். இங்கே 35ன் குணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கைகளுக்காக ரெண்டடி வரை கிட்டே போகும்போது மூக்கும் முன்கையும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். முகத்தை ஓரத்தில் வைத்தால் இன்னும் இழுத்துவிடும். கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு இதைப் பயன்படுத்தினால் வரிசையின் ரெண்டு கடைசியில் நிற்கும் சித்தப்பாக்கள் அகன்று விழுவார்கள், அதற்கு இது சரிப்படாது.

அப்புறம் புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். என் சின்ன வயதில் அதை மண்டபமாகவே யாரும் பார்த்ததில்லை, எங்களுக்கு அது கடை. பாத்திரம், புத்தகம், வளையல், எல்லாவற்றையும் விட, தூணுக்குத் தூண் தையல் மெஷின். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பும் கருப்பசாமி வேடத்துக்கான உடுப்பும் அங்கே தைத்துத்தான் வாங்குவார்கள். உள்ளே எப்போதும் மங்கல் வெளிச்சம், பக்கவாட்டிலிருந்து மட்டும் கொஞ்சம் வெயில் வந்து துணி மேல் விழும். எஃப் 2, 1/60, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவின் உணர்திறன்) 3200. இந்த லென்ஸின் எஃப் 2 முழுமையாக உதவியது அங்கேதான், ஓரங்கள் கொஞ்சம் மென்மையாக இருந்தாலும் நடு அருமையாக வந்தது.

அங்கே ஒரு பெரியவர். கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். 2017 கடைசியில் முதல் தடவை படம் எடுக்கக் கேட்டபோது மெஷினை நிறுத்தவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நான் குனிந்து அவர் முகத்துக்குப் பக்கமாகப் போனேன். "அந்தச் செலையும் சேர்ந்து விழுகுதா பாரு தம்பி, நான் உக்காந்த எடம் தெரியணும்ல" என்றார். ரெண்டடி பின்னால் வந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் தூணில் இருந்த சிற்பம், அதன் காலடியில் எண்ணெய்ப் பிசுக்கு, ஆணியில் தொங்கிய ஜரிகைச் சுருள், மெஷினின் மிதி, அவருடைய கால் எல்லாம் ஒன்றாக விழுந்தன. எட்டு வருஷத்தில் நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

சில மாதங்களில், 2018 பிப்ரவரி 2ந்தேதி ராத்திரி, கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கோயிலுக்குள் இருந்த கடைகள் போயின, உள்ளே செல்போனுக்கும் தடை வந்தது. புதுமண்டபக் கடைகளும் பிற்பாடு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. பழைய கட்டடத்துக்கு அது நல்லதுதான், அந்தச் சிற்பங்கள் அடுப்புப் புகையும் ஆணியும் இல்லாமல் மூச்சுவிட வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தூணுக்கும் அந்த மெஷினுக்கும் நடுவே ஓடிய ஒரு வாழ்க்கை இனி அங்கே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதை நான் 70-200ல் எடுத்திருந்தால் என்னிடம் ஒரு கிழவரின் முகம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தப் படத்தின் பிரின்டைப் பெரியவர் புதுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

இந்த லென்ஸால் ஆகாத காரியத்தையும் சொல்ல வேண்டும். அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது கரையிலிருந்து 35ல் எடுத்தால் சாமி கட்டைவிரல் நகம் அளவுதான் தெரிவார். பட்டு என்ன நிறம் என்பதற்குத்தான் ஊரே காத்திருக்கும், அந்தப் பட்டுக்கூடச் சரியாகத் தெரியாது. முதல் வருஷம் ஏமாந்து போனேன். அதன் பிறகு சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டேன், மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான். அங்கே இருந்தது நான் தேடிய படம்: சர்க்கரைச் செம்பின் மேல் சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்கும் பெண்கள், மொட்டையில் சந்தனம் காயாத பிள்ளைகள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் தலையைத் தூண் மாதிரி பிடித்துக்கொண்ட பெண்குழந்தை. 2020லும் 2021லும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2022ல் வந்தபோது அந்த முகங்களில் இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை, படத்தில்தான் இருக்கிறது.

ராமராயர் மண்டபத்தில் அழகர் மேல் தோப்பறையால் (தோல் பை) தண்ணீர் பீய்ச்சுவார்கள். அங்கே நின்றதில்தான் லென்ஸுக்கு வினை வந்தது. பாலித்தீன் கவர் சுற்றியிருந்தும் எங்கேயோ ஈரம் உள்ளே போய்விட்டது. உடனே ஒன்றும் தெரியவில்லை, ஐப்பசி மழையில் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. முதலில் கொடுத்த இடத்தில் பூஞ்சையை எடுத்துவிட்டு அப்பர்ச்சர் இதழ்கள் ஒட்டும்படி செய்து கொடுத்துவிட்டார்கள், எஃப் 8 வைத்தாலும் படம் வெளுத்து வந்தது. ரெண்டு மாதம் அலைந்து, வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துச் சரிசெய்தேன், மொத்தம் 4,300 ரூபாய் ஆனது. இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைக்கிறேன். தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. மற்றபடி எட்டு வருஷத்தில் ஒரு யூவி ஃபில்டர் உடைந்தது, முன்மூடி மூன்று தொலைந்தன, வளையத்தின் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலான போன்களின் முதன்மை கேமரா 24லிருந்து 28க்குள் இருக்கும், 35ஐ விட அகலம். அதனால் போனில் ஆள் சின்னதாகி இடம் பெரிதாகத் தெரியும். அதிலேயே 2எக்ஸ் அழுத்தினால் 50க்குப் பக்கத்தில் போய்விடும். பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் வாழ்நாளில் பெரும்பகுதி 50ல்தான் எடுத்தார், அது நல்ல அளவுதான். ஆனால் நம் மார்க்கெட் சந்துகளில் 50 வைத்துப் பின்னால் போகப் போகச் சுவரில் முதுகு இடித்துவிடும். மதுரை மாதிரி நெருக்கமான ஊருக்கு 35 பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து.

கிட்டே போக வேண்டிய லென்ஸ் என்பதால் கேட்காமல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பூ மார்க்கெட்டில் ஒரு அம்மா, "அழுக்குச் சேலையில இருக்கேன், இன்னொரு நாளைக்கு எடு" என்றார். அடுத்த வாரம் நல்ல சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு வந்து அவரே கூப்பிட்டார். எடுத்த படத்தை 4x6 பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதை 2018லிருந்து வழக்கமாக வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாலு நாளில் கீழே போய்விடும், பிரின்ட் என்றால் கல்லாப்பெட்டி மூடியில் ஒட்டி வைப்பார்கள். போன மாதம் எடுத்ததில் இன்னும் பதினொரு பிரின்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதில் மூன்று வெங்காய மார்க்கெட் அண்ணன்களுடையது. நாளைக்கு விடிகாலை முதல் லாரி இறங்கும்போது போனால் மூன்று பேரையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம்.