முட்டையா தக்காளியா, தடைக்காலத்துல கையில இருக்குற காசு எதுக்கு முதல்ல?

ஏப்ரல் 15 வந்துட்டா மீன்பிடித் தடைக்காலம், எங்க பாம்பன் பக்கம் விசைப்படகு எல்லாத்தையும் கட்டிப் போட்ருவாங்க, ஜூன் 14 வரைக்கும் 61 நாள். கடலுக்குப் போற வீட்டுல மத்த நாள்ல குழம்புக்கு மீன் எப்படியும் வந்துரும், பங்குல கொஞ்சம் சூடையோ காரலோ எடுத்து வச்சுருவாங்க, அதுக்குன்னு தனியா காசு எடுக்க வேண்டியதில்ல. தடைக்காலத்துல நாட்டுப்படகு மீன் வரும், ஆனா வெலை கேட்டாலே திரும்பி வந்துரணும். அதே நேரத்துல பள்ளிக்கூடமும் லீவு விட்ருவாங்க. சத்துணவுல வாரம் 5 நாளும் கிடைச்ச முட்டையும் நின்னுரும். இதை எத்தனை பேர் யோசிச்சிருப்பாங்கன்னு தெரியல, பிள்ளைகளுக்கு மீனும் முட்டையும் ஒரே மாசத்துல சேர்ந்து நிக்குது.

போன வருசம் மே மாசம் எனக்கும் என் மதினிக்கும் கடை வாசல்லயே பேச்சு முத்திருச்சு. எட்டாவது முடிச்ச என் மகளுக்கு ரத்தத்துல எச்பி, அதான் ஹீமோகுளோபின், 9.4 தான் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க, அந்த வயசுக்கு 12 இருக்கணும். நான் முட்டை வாங்கப் போனேன். மதினி, "முட்டை சூடு, இந்த வெயிலுக்கு பிள்ளைக்கு கட்டி வரும், தக்காளி வாங்கி ஜூஸ் போட்டுக் குடு, பாரு எப்படி சிவப்பா இருக்குன்னு, ரத்தம் தானா ஊறும்"னாங்க. நான் "மதினி, முட்டைதான் ரத்தத்துக்கு"ன்னேன். கடைசியில பாத்தா ரெண்டு பேரும் சொன்னது சரி இல்ல. அன்னைக்கு ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா தேடிப் படிச்சதும், சுகாதார நிலையத்துல நர்ஸ் அக்காகிட்ட கேட்டதும்தான் இங்க எழுதுறது.

முதல்ல அளவை சரி பண்ணிக்குவோம். எங்க பாத்தாலும் 100 கிராம் முட்டை, 100 கிராம் தக்காளின்னு பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க, ஆனா யாரும் அப்படி சாப்புடுறதில்ல. முட்டைன்னா ஒருத்தருக்கு ஒண்ணு, முழுசா அந்த ஆளு வயித்துக்குள்ள போகும். தக்காளி அப்படியா? எங்க வீட்டுல அஞ்சு பேரு, குழம்புச் சட்டியில ஒரு தக்காளி வெட்டிப் போட்டா ஆளுக்கு 25 கிராம் வந்தா பெருசு, அதுலயும் தோலு சுருண்டு சட்டி ஓரத்துல ஒட்டிக் கெடக்கும். "தினமும் தக்காளி சேர்க்குறோம்"னு சொல்றவங்க தட்டுல எம்புட்டு விழுதுன்னு ஒரு நாள் பாக்கணும்.

50 கிராம் முட்டை ஒண்ணுல 72 கலோரி, 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல புரதம், 5 கிராம் பக்கம் கொழுப்பு. அந்தப் புரதத்துல உடம்பு தானா செஞ்சுக்க முடியாத அமினோ அமிலம் எல்லாமே இருக்கு. நடுத்தரமான தக்காளி ஒண்ணு, 120 கிராம்னு வைங்க, 22 கலோரி, புரதம் 1 கிராம்தான், மத்தபடி நூத்துக்கு 94 பங்கு தண்ணி. ஒரு முட்டை குடுக்குற புரதத்தை தக்காளியில எடுக்கணும்னா முக்கால் கிலோகிட்ட திங்கணும். அப்ப எங்க கடையில முட்டை ஆறு ஏழு ரூபாதான் இருந்துச்சு, புரதத்துக்குன்னு பாத்தா இதுல போட்டியே இல்ல. வைட்டமின் பி12 முட்டையில இருக்கு, தக்காளியில துளிகூட கிடையாது, செடியில வெளையுறதுல பி12 வராது. மீன் திங்கிற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம பி12 எல்லாம் மீன்ல இருந்துதான் வந்துக்கிட்டு இருந்துச்சு, மீன் நின்னா அந்த எடத்துல முட்டைய வைக்கணும், தக்காளியால அது ஆகாது. அப்புறம் கோலின்னு ஒண்ணு, மூளைக்கும் நரம்புக்கும் வேணும்ங்குறாங்க, மாசமா இருக்குற பொண்ணுகளுக்கு இன்னும் அதிகமா வேணும், ஒரு முட்டையில 147 மில்லிகிராம் பக்கம் இருக்கு. வைட்டமின் டியும் கொஞ்சம் உண்டு. இதெல்லாம் பெரும்பாலும் மஞ்சக்கருவுலதான் கெடக்கு, அதனால கொழுப்புன்னு பயந்து மஞ்சக்கருவ தூக்கிப் போட்டுட்டு வெள்ளைய மட்டும் பிள்ளைக்கு ஊட்டுறது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், பாதிக்கு மேல சத்து குப்பையில போகுது.

கொலஸ்ட்ரால் ஒரு முட்டையில 186 மில்லிகிராம் இருக்கு, பொய் சொல்லல. ஆனா சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ரால் எல்லாம் அப்படியே ரத்தத்துல ஏறுறதில்ல, நிறைய பேருக்கு கல்லீரல் தன்னோட உற்பத்திய கொறைச்சு சரி பண்ணிக்கும். அமெரிக்காவுல நாளைக்கு 300 மில்லிகிராம்தான்னு வச்சிருந்த அளவ 2015ல எடுத்துட்டாங்க. அதுக்காக சுகர் இருக்குறவங்க, நெஞ்சுக்கு மாத்திரை போடுறவங்க இஷ்டத்துக்கு திங்கலாம்னு இல்ல, அவங்க டாக்டர்கிட்ட எத்தனைன்னு கேட்டுக்கணும். வளர்ற பிள்ளைக்கு தினம் ஒரு முட்டை தாராளமா குடுக்கலாம்.

இப்ப தக்காளி பக்கம் வர்றேன், அதுக்கும் நியாயம் செய்யணும். முட்டையில வைட்டமின் சி சுத்தமா கிடையாது, நார்ச்சத்து கிடையாது. தக்காளியில 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் வைட்டமின் சி, 1 கிராம் சொச்சம் நார்ச்சத்து, பொட்டாசியம் 237 மில்லிகிராம். முட்டை ஒண்ணுல பொட்டாசியம் 70 கிட்டதான். கருவாடும் உப்புக்கண்டமும் திங்கிற நம்ம கரையில உப்பு ஏறித்தான் கெடக்கு, பிபி உள்ளவங்களுக்கு பொட்டாசியம் உள்ள காய்கறி நல்லது. ஆனா கிட்னி பழுதானவங்களுக்கு இதே பொட்டாசியந்தான் ஆபத்து, அவங்கள தக்காளிய கொறைக்கச் சொல்லுவாங்க, சொன்னா கேட்டுக்கணும். தக்காளி தின்னா கிட்னியில கல்லு வரும்னு எங்க தெருவுல ஒரு பயம் உண்டு, கல்லுக்கு காரணமான ஆக்சலேட் தக்காளியில கம்மிதான், பசலைக்கீரையோட வச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. இந்த வெயில்ல தண்ணி கொறைவா குடிக்கிறதுதான் அதவிடப் பெரிய காரணம்.

தக்காளியோட சிவப்பு லைகோபீன்னு ஒரு நிறமி, ரத்தத்துக்கும் அந்த நெறத்துக்கும் சம்பந்தம் இல்ல. 100 கிராம் தக்காளியில இரும்பு 0.3 மில்லிகிராம்கூட வராது. மதினி சொன்ன ஜூஸ் அங்கேயே கவுந்துருச்சு. சரி, முட்டைன்னு நான் சொன்னேனே? ஒரு முட்டையில 0.9 மில்லிகிராம் இரும்பு இருக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மஞ்சக்கருவுல பாஸ்விட்டின்னு ஒரு புரதம் அந்த இரும்ப இறுக்கிப் பிடிச்சுக்கும், உடம்புக்கு கிடைக்கிறது ரொம்பக் கொஞ்சம். ரெண்டு மாசமா காலையில அவிச்ச முட்டையும் கூடவே ஒரு கிளாஸ் டீயும் குடுத்துக்கிட்டு இருந்தேன் நான். டீ, இருக்குற இரும்பையும் சேரவிடாது. இதைக் கேட்டப்ப மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு.

செடியில வர்ற இரும்பை உடம்புல சேக்குறதுக்கு வைட்டமின் சி ஒத்தாசை பண்ணும், தக்காளிக்கு வேலை இங்கதான். முருங்கைக்கீரையில 100 கிராமுக்கு 4 மில்லிகிராம் பக்கம் இரும்பு இருக்கு, எங்க மணல்ல வேற எது வெளையாட்டியும் முருங்கை நிக்கும், காசும் இல்ல. அந்தக் கீரைய பருப்போட பெரட்டி, அதுல ஒரு முட்டைய ஒடச்சு ஊத்தி, பக்கத்துல பச்சையா ரெண்டு துண்டு தக்காளிய உப்பு மிளகு போட்டு வச்சுட்டா எல்லாமே ஒரே தட்டுல சேருது. பச்சையான்னு ஏன் சொல்றேன்னா கொதிக்க கொதிக்க வைட்டமின் சி கொறைஞ்சுக்கிட்டே போகும். லைகோபீனுக்கு நேர் மாறு, அது எண்ணெயில வதக்கினாத்தான் உடம்புல நல்லா சேரும், கூட முட்டையோட கொழுப்பும் இருந்தா இன்னும் நல்லது. முட்டை தொக்கு வைக்கையில தக்காளி கரைஞ்சு எண்ணெய் செவப்பா பிரிஞ்சு ஓரத்துல நிக்கும் பாருங்க, அந்த எண்ணெய்க்குள்ளதான் லைகோபீன் எறங்கியிருக்கு. அதை வழிச்சு ஊத்திராதீங்க, சோத்துல போட்டுப் பெசைங்க.

வைட்டமின் சிக்கு மட்டும்னா தக்காளி ஒண்ணும் ராஜா இல்ல. கொய்யாப்பழத்துல 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கு. நம்ம பக்கம் தக்காளி வெளைச்சல் கம்மி, ஒட்டன்சத்திரம் மாதிரி ஊர்ல இருந்து லாரியில வந்து, தீவுக்குள்ள வர்றப்ப பாதி நசுங்கித்தான் வரும். 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயத் தாண்டிச்சு, அப்ப எங்க வீட்டுல புளியவே கரைச்சு ஊத்திட்டோம். வெலை ஏறுற மாசம் தக்காளிய விட்டுட்டு ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்குங்க, தப்பே இல்ல. முட்டைய மட்டும் விடாதீங்க.

நாட்டுக்கோழி முட்டை பத்தி ஒரு வார்த்தை. எங்க வாசல்ல மேயுற கோழி கருவாடு காயப்போட்ட எடத்துல சிந்துனத பொறுக்கித் தின்னு முட்டை போடும், கரு நல்ல மஞ்சளா இருக்கும். ஆனா கருவோட நெறம் தீவனத்தப் பொறுத்தது, புரதம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நாட்டு முட்டை உருவத்துல சின்னது வேற. ரெண்டு மடங்கு காசு குடுத்து ஒரு நாட்டு முட்டை வாங்குறதுக்கு, அந்தக் காசுல ரெண்டு நாமக்கல் முட்டை வாங்கி ரெண்டு பிள்ளைக்குக் குடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

பெரியமனுசியான பொண்ணுக்கு பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்குறது நம்ம வழக்கம். எனக்கும் எங்கம்மா மூக்கப் பிடிச்சு ஊத்தினாங்க, அந்த வழுவழுப்பு இன்னும் தொண்டையில நிக்குது. பாசத்துல செய்றது, அதை நான் கொறை சொல்லல. ஆனா பச்சை முட்டையில புரதம் பாதிதான் செரிக்கும், அவிச்சா பத்துல ஒம்போது பங்கு செரிக்கும், பச்சையில கிருமி பயம் வேற. அதே முட்டைய அவிச்சு, நல்லெண்ணெய் ஊத்துன உளுந்தங்களியோட குடுத்தா வழக்கமும் நிக்கும், சத்தும் போகாது. அவிக்கையில ரொம்ப நேரம் விட்டுட்டா கருவைச் சுத்தி பச்சையா ஒரு வளையம் வரும், அது கெட்டுப்போனது இல்ல, கருவுல இருக்குற இரும்பும் வெள்ளையில இருக்குற கந்தகமும் சேர்ந்த நெறம், பயப்படாம திங்கலாம்.

சூட்டுக்கட்டி விசயத்துல மதினிய நான் மாத்த முடியல, முட்டை தின்னுதான் கட்டி வருதுன்னு அவங்க நம்புறாங்க. என் மக தினம் ஒண்ணு தின்னா, கட்டி ஒண்ணும் வரல.

அவளுக்கு இரும்பு மாத்திரை குடுத்தாங்க, ரத்தம் ஏறுனதுல பெரும்பங்கு அந்த மாத்திரைதான், அத மறைக்க மாட்டேன். டீய சாப்பாட்டுல இருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சோம், கீரையில முட்டை ஊத்துனோம், பச்சைத் தக்காளியோ எலுமிச்சையோ தட்டுல இல்லாம வைக்கல. ஆகஸ்டுல திரும்பப் பாத்தப்ப 11.1 வந்திருந்துச்சு. மாத்திரைய இன்னும் மூணு மாசம் போடச் சொன்னாங்க. அன்னைக்கு வர்ற வழியில மதினி அவங்களாவே கடையில நின்னு அரை அட்டை முட்டையும் ஒரு கிலோ தக்காளியும் வாங்குனாங்க, தக்காளிய என் பையில போட்டுட்டு முட்டைய அவங்க பேரனுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க.