நீரிழிவுக்காரருக்கு 'விசேட பாதணி' விற்பவர்களிடம் நான் ஏமாந்த விதம்

நான் 14 ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தவறாமல் போகவேண்டும் என்ற பிடிவாதத்தில், உச்சிவெயிலில் வீதி மணலில் வெறுங்காலுடன் நடந்தேன். இடது பெருவிரலின் அடியில் கொப்புளம் எழுந்து உடைந்ததை, கால் கழுவும்போது விரலிடுக்கு பிசுபிசுத்த பிறகே அறிந்தேன். மஞ்சள் பூசி இரண்டு கிழமைகளை வீணாக்கியது முழுவதும் என் பிழை. கிருமி எலும்புவரை போயிருந்தபடியால், யாழ் போதனா வைத்தியசாலையில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். அங்கே எனக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. சத்திரசிகிச்சை செய்தவர்களிடமோ மருந்து கட்டிய தாதியரிடமோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் எழுத வந்தது அதற்குப் பின் நடந்ததைப் பற்றி.

தையல் பிரித்து, காயம் முழுவதும் மூடுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் சென்றன. கடைசித் தவணையில் சத்திரசிகிச்சை நிபுணர், இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது என்றும், காலுக்கு ஏற்ற பாதணியைச் செய்வித்து அணியவேண்டும் என்றும் சொன்னார். நடக்கும்போது பெருவிரல் தாங்கிவந்த பாரம், அது இல்லாமற் போனதும் அடுத்த விரல்களுக்கும் அவற்றின் அடியிலுள்ள எலும்பு முனைகளுக்கும் மாறிவிடுகிறது. அந்த இடத்தில் தோல் தடித்து ஆணிபோலாகி, உள்ளே புண் வைக்கும். விரல் இருந்த வெற்றிடத்தை நிரப்பி, உள்ளங்கால் முழுவதும் பாரத்தைப் பரப்பும் மெத்தை பாதணிக்குள் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான்.

கிளினிக் வாசலில் ஒருவர் தந்த துண்டுப்பிரசுரத்தை நம்பி, 'நீரிழிவு விசேட பாதணிகள்' என்று பலகை தொங்கிய நகர்ப்புறக் கடையொன்றுக்குப் போனேன். வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் என்னை ஒரு கண்ணாடித் தட்டின் மேல் நிற்கவைத்து, கணினித் திரையில் என் உள்ளங்காலைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டினார். சிவப்பான இடங்களில்தான் பாரம் கூடுகிறது என்று அவர் சொன்னது சரியே. ஆனால் அந்தப் படத்தை அவர் எங்கும் சேமித்ததாகவோ, என் காலைத் தாளில் வைத்து வரைந்ததாகவோ, அச்சு எடுத்ததாகவோ எனக்கு நினைவில்லை. அயலில் செயற்கைக் கால் பொருத்திய ஒருவருக்கு முதலில் சாந்தில் அச்சு எடுத்தே வேலையைத் தொடங்கினார்கள் என்பது தெரிந்திருந்தும், அன்று நான் அதைக் கேட்கவில்லை. மேலங்கியைக் கண்டால் நமக்கு வாய் அடைத்துவிடுகிறது. அவர் கேட்டது சப்பாத்தின் இலக்கத்தை மட்டுமே. விலை 28,500 ரூபா. முற்பணம் 15,000 ரூபா. மூன்று கிழமையில் தருவதாகச் சொன்னவர் தந்தது ஒன்பதாவது கிழமையில்.

அணிந்து பார்த்தபோது இடது சப்பாத்து முன்பாதத்தில் இறுக்கமாக இருப்பதைக் கண்ணாலேயே காண முடிந்தது. அப்போது அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"நோகுதோ மாஸ்டர்?"

"இல்லை, நோகேல்லை."

"அப்ப சரி. ரெண்டு கிழமை போட்டுத் திரிஞ்சா காலுக்குப் பிடிபட்டிடும்."

நீரிழிவால் கால் மரத்துவிட்டதா என்று அறிய, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு மெல்லிய நைலோன் இழையை உள்ளங்காலில் வைத்து, தொடுவது தெரிகிறதா என்று கிளினிக்கில் பார்ப்பார்கள். பெரும்பாலான இடங்களில் எனக்கு அது தெரிவதில்லை. அப்படிப்பட்ட காலிடம் "நோகுதோ" என்று கேட்பது, செவிடனிடம் மேளம் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று கேட்பதற்குச் சமம். பாதணி சரியா பிழையா என்று சாட்சி சொல்லவேண்டிய காலே ஊமையாகிவிட்டது. அந்த ஊமைத்தனத்தையே அவர் தன் சரக்குக்கு நற்சான்றிதழாக்கிக்கொண்டார். புதுச் சப்பாத்து பழகப் பழக இளகும் என்பது உணர்ச்சியுள்ளவர்களுக்குப் பொருந்தும் பேச்சு. உணர்ச்சியற்ற காலுக்குப் பாதணி முதல்நாளே பொருந்தவேண்டும். இளகுவதற்குள் தோல் போய்விடும். செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிப்பதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு விரல் தறித்த என்னைப் பார்த்துத்தான் அதைக் கேட்டிருக்கிறார்கள் போலும்.

ஒன்பதாம் நாள், திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது, வெள்ளைக் காலுறையில் ஐந்து ரூபாக் குற்றியளவு சிவப்புக் கறையை மனைவிதான் கண்டார். கறுப்புக் காலுறை அணிந்திருந்தால் அன்றும் தெரிந்திராது. இரண்டாம் விரலுக்குக் கீழே குழிப்புண். மறுபடியும் வைத்தியசாலை, மறுபடியும் ஒன்றுவிட்டொரு நாள் மருந்து கட்டுதல், மறுபடியும் குதிக்காலில் மட்டும் பாரம் விழும் அரைச் சப்பாத்து. கிருமியால் சீனியும் ஏறியது. இன்சுலின் அளவைக் கூட்டினார்கள்.

பஸ் நிலையத்துக்கு அருகில் செருப்புத் தைப்பவரிடம் அந்தச் சப்பாத்தைக் கொடுத்து உள்மெத்தையைக் கிளப்பச் சொன்னேன். கடைச் சப்பாத்து ஒன்றின் மேல் மெல்லிய பஞ்சுத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. இரு காலுக்கும் ஒரே மாதிரி. விரல் போன இடத்தை நிரப்ப எதுவுமில்லை. இத்தகைய பாதணிகளுக்கு வழக்கமாக இடும், எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை இறப்பரும் இல்லை. அவர் பெருவிரலால் அமுக்கிக் காட்டினார். பஞ்சு தாளாகச் சப்பளிந்து, எழும்பவே இல்லை. அந்த மனிதர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடையில் கேட்டபோது, நான் அளவுக்கு மிஞ்சி நடந்ததுதான் காரணம் என்றார்கள். பற்றுச்சீட்டைப் பார்த்தால் 'சப்பாத்து – 1 சோடி' என்று மட்டுமே இருந்தது. 'விசேட' என்ற சொல்லோ, என் காலுக்கென்று செய்தது என்ற குறிப்போ இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். புண்ணோடு படுத்திருந்ததில் நான் பதினோராம் கிழமையில்தான் கொடுத்தேன். இன்னும் மூன்று கிழமை கடத்தியிருந்தால் அதுவும் கைவிட்டுப் போயிருக்கும். அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முதலில் விசாரிக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வணிகரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே முற்பணம் கொடுக்கும்போதே, எந்தக் காலுக்கு, என்ன குறைக்காக, எந்தப் பொருளில் செய்யப்படும் பாதணி என்பதை அதில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

அச்சோ வரைபடமோ எடுக்காமல் இலக்கத்தை மட்டும் கேட்பவரிடம் 'உங்கள் காலுக்கென்று செய்தது' என்று எதுவும் இருக்க வழியில்லை. கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில், எழுந்து நின்று அணிந்து பாருங்கள். உள்நீளம் காலைவிட ஒன்று முதல் இரண்டு சென்றிமீற்றர் கூடுதலாக இருக்கவேண்டும். உள்ளே கையை விட்டுத் தையலோ ஆணிமுனையோ தட்டுகிறதா என்று தடவுங்கள். இதை வாங்கும் நாளில் மட்டுமல்ல, ஒவ்வொரு முறை அணியும்போதும் செய்யவேண்டும். முதல்நாள் வீட்டுக்குள் சிறிது நேரம் நடந்து கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று வேறொருவரைக்கொண்டு பார்ப்பியுங்கள். எனக்கு இதையெல்லாம் கிளினிக்கில் சொன்னது இரண்டாவது புண்ணுக்குப் பிறகு. முதலாவதுக்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

இப்போது புண் ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. சப்பாத்து, பெட்டி, பற்றுச்சீட்டு மூன்றையும் விசாரணைக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இதேபோல் எங்கேனும் வாங்கி, நோகவில்லை என்று நம்பிப் பாவித்துக்கொண்டிருப்பவர்கள் இன்று இரவே அந்த உள்மெத்தையை வெளியே எடுத்து, பெருவிரலால் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.