புஜக்கட்டைக்கு ஏழு பருவத்துப் பூச்சு

நகரிப் பக்கத்தில் எங்கள் தெருக்கூத்து ஜமா. பங்குனியில் பெட்டியைத் திறந்தால் ஆடி முடிந்துதான் மூடுவோம். ஆந்திரப் பக்கத்து ஊர்களில் தர்மராஜா கோயில் என்பார்கள், பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் போனால் திரௌபதி அம்மன் கோயில் என்பார்கள்; எங்களுக்கு இரண்டும் ஒரே பாரதம்தான். பகலில் எனக்கு விசைத்தறி, இரவில் மரத்தால் செய்த அணிகளைக் கட்டி ஆடும் கட்டை வேஷம். கர்ணனும் துரியோதனனும் என் பங்கு. 2017இல் ஆசாரியிடம் சொல்லிச் செய்த கிரீடம், தோளில் கட்டும் இரண்டு புஜக்கட்டை, மார்புக் கட்டை ஆகியவற்றைத்தான் இன்றும் கட்டுகிறேன். கொரோனாவில் ஆட்டமே இல்லாத 2020, 2021 நீங்கலாக ஏழு பருவம். கல்யாண முருங்கை மரம் என்பதால் தோளுக்குப் பாரமில்லை. மரத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் வரவில்லை. என்னைப் படுத்தியதெல்லாம் அதன் மேலிருந்த பூச்சுதான்.

முதலில் இருந்தது எனாமல். செய்து வந்த அன்று கண்ணைப் பறித்தது. இரண்டாவது பருவத்தின் நடுவில் விளிம்புகளில் செதில் செதிலாகக் கிளம்பியது. வியர்வையில் மரம் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். எனாமல் காய்ந்து இறுகிய பிறகு மரத்தோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். வெடித்த இடத்தில் நகம் பட்டால் ஓர் இதழ் முழுதாகக் கையோடு வந்துவிடும். கர்ணன் தன் கவசத்தைத் தானே அறுத்துக் கொடுத்தான். என்னுடையது யாரும் வந்து கேட்காமலே உரிந்துகொண்டிருந்தது.

2019இல் செய்தது அதைவிடப் பெரிய தவறு. பூச்சுக்கடையில் தங்கப் பொடியை வார்னிஷில் குழைத்துத் தந்தார்கள். பூசியவுடன் கோயில் கலசம் மாதிரி இருந்தது. அந்தப் பொடி செம்பும் துத்தநாகமும் கலந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. வியர்வை உப்பு பட்டுப் பட்டு, ஆடி மாதத்துக்குள் அக்குள் பக்கமெல்லாம் பாசி பிடித்த பித்தளைச் சொம்பு போலாகிவிட்டது. வெள்ளை ஜிப்பாவிலும் பச்சைக் கறை. அதைத் துவைத்தவள் என் மனைவி. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

2022 முதல் அக்ரிலிக். ஃபெவிக்ரிலின் 15 மில்லி குப்பிகளே எனக்குப் போதும். கறுப்புக் குப்பி ஒன்று இரண்டு பருவத்துக்கு வருகிறது. தங்க நிறத்துக்கு அப்ரகப் (மைக்கா) பொடி கலந்த அக்ரிலிக்காகப் பார்த்து வாங்குகிறேன். அதில் செம்பு இல்லாததால் பச்சை ஏறுவதில்லை. எனாமலின் பளபளப்பில் முக்கால் பங்குதான் இதில் கிடைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது உரியாது, தேயும். தேய்ந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பது கிளம்பி வராது. வேஷக்காரனுக்கு வேண்டியது இதுதான் என்பது என் கட்சி. மாறிய முதல் ஆண்டில் மட்டும் பெரும்பாடு. பழைய எனாமல் மேல் அக்ரிலிக் பிடிக்காது. முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து இறக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. புஜக்கட்டையில் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி ஓர் அரைவட்டம், கை உரசும் கீழ் விளிம்பு, கிரீடத்தின் பின்புறம் தூக்கி வைக்கும்போது கட்டைவிரல் பதியும் இடம். ஆண்டுதோறும் இவை மூன்றுதான். முதலில் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து நிழலில் ஒரு நாள் காய வைப்பேன். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். பிறகு 400 எண் உப்புத்தாள். பழைய பூச்சும் வெறும் மரமும் சேரும் இடத்தில் ஒரு படி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினால் அது தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் எத்தனை முறை தங்கம் பூசினாலும் ஒட்டுப்போட்டது காட்டிக்கொடுத்துவிடும். தங்கத்துக்கு அடியில் காவி நிறம் ஒரு பூச்சு. வெறும் வெள்ளை மேல் பூசினால் மூன்று முறை பூச வேண்டியிருக்கும்; காவி மேல் இரண்டே போதும், நிறத்துக்கும் ஓர் ஆழம் வரும். அப்ரகம் அடியில் தங்கும் என்பதால் குப்பியை அடிக்கடி குலுக்க வேண்டும், தூரிகையையும் ஒரே திசையில்தான் இழுக்க வேண்டும். தாமரை இதழ்களைச் சுற்றிய கறுப்புக் கோட்டுக்குப் பூஜ்ய எண் தூரிகை. பூச்சில் தண்ணீர் கூடினால் பிடிமானம் போய்விடும், அதனால் சில துளிகளுக்கு மேல் விடுவதில்லை. கண்ணாடித் துண்டுகளில் வழிந்ததைக் காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டினால் சுத்தமாக வந்துவிடுகிறது. கடைசியாகப் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு. மங்கல் வார்னிஷ் ஒருமுறை அடித்துப் பார்த்தேன், தங்கம் சாம்பல் பூசியது போல் செத்துவிட்டது.

இதிலும் ஒரு குறை உண்டு. தொட்டால் காய்ந்தது போலிருக்கும் அக்ரிலிக், வெப்பத்தில் ஏதாவது அழுத்திக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும். 2023இல் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் வேனில் போய் இறங்கிப் பிரித்தால் மார்புக் கட்டையில் தெலுங்குத் தலைப்புச் செய்தி இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அன்று அப்படியேதான் ஆடினேன். இப்போது பழைய பருத்தி வேட்டித் துண்டில்தான் சுற்றுகிறேன்.

நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கும் எங்கள் கூத்து வாத்தியாருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. வெள்ளை எல்இடி விளக்கில் தங்கம் வெளிறும் என்பதால் கொஞ்சம் சிவந்த தங்கமாகப் பூசச் சொல்வார் அவர். இரவு ஆட்டத்துக்கு அது சரி. துரியோதனன் வீழும் படுகளத்தன்று விடிந்த பிறகு, தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி நான் ஓடும்போது வெயில் நேரே கட்டையில் விழுகிறது. அதில் சிவந்த தங்கம் செங்கல்லாகத் தெரிகிறது. சென்ற பருவத்தில் கீழ் விளிம்புக்கு அவர் சொன்ன நிறம், மற்ற இடத்துக்கு என் நிறம் என்று சமாதானமானோம். படுகளத்தில் அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, “அடுத்த வருஷம் உன் இஷ்டப்படியே பூசிக்கொள்” என்றார். தை பிறந்ததும் அந்த விளிம்பைத் தேய்த்தேன். அடியில் இருந்த காவி அப்படியே இருந்தது. தங்கம் மட்டும் இரண்டு பூச்சு.

இடது புஜக்கட்டையிலுள்ள கிளியின் கண்ணை மட்டும் இன்றுவரை தொடவில்லை. அந்தக் கறுப்புப் பொட்டு 2017இல் ஆசாரி வைத்தது. எனாமலைத் தேய்த்தபோதும் அதன்மேல் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் தேய்த்தேன். பாதி போய்விட்டது, மீதி இருக்கிறது.