கிண்டர்கெல்டுக்கும் குழந்தையின் குடியுரிமைக்கும் ஏஜென்சி வேண்டுமா? பணம் கட்டிப் பார்த்தவளின் விமர்சனம்

ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் போனில் பேசிய பெண்ணின் பொறுமைக்காக. ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களைக் குறிவைத்து "எல்லாம் ஒரே பேக்கேஜில்" என்று விளம்பரம் செய்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

நான் இந்தியக் குடிமகள், கணவர் ஜெர்மன், மகள் பிறந்தது ஜெர்மனியில். பேக்கேஜில் மூன்று வேலை: கிண்டர்கெல்ட், ஜெர்மன் பாஸ்போர்ட், அப்புறம் "இந்தியக் குடியுரிமை". கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஃபார்ம் நிரப்ப யாருக்குத் தெம்பு இருக்கிறது, யாராவது பார்த்துக்கொண்டால் சரி என்று கட்டினோம்.

முதலில் கிண்டர்கெல்ட். இது ஜெர்மன் அரசு ஒவ்வொரு குழந்தைக்கும் மாதாமாதம் தரும் தொகை, 2025-இல் 255 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 259. பதினெட்டு வயது வரை வரும், பிள்ளை படித்துக்கொண்டோ தொழில் பழகிக்கொண்டோ இருந்தால் 25 வரைகூட. விண்ணப்பிக்க ஒரு சென்ட்கூடக் கட்டணம் கிடையாது, இந்தத் தொகையைக் கொடுக்கும் அரசு அலுவலகமான ஃபமிலியன்காஸேயின் தளத்திலேயே நிரப்பி அனுப்பலாம். உண்மையில் தேவைப்படுவது குழந்தையின் வரி எண்ணும் பெற்றோரின் வரி எண்ணும்தான், குழந்தையின் எண் பிறப்பைப் பதிவு செய்ததும் தானாகவே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். இலவசமாகச் செய்யக்கூடிய இந்த வேலைக்குத்தான் பேக்கேஜின் விலையில் பெரும் பங்கு.

சரி, பணம் வாங்கியவர்கள் ஒழுங்காகவாவது செய்தார்களா? "பாப்பாவோட பாஸ்போர்ட் வரட்டும் மேடம், எல்லாத்தையும் சேர்த்து அனுப்பிடலாம்" என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கிண்டர்கெல்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதில் காத்திருப்பது ஆபத்தும்கூட, விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் பாக்கி கிடைக்கும், அதற்கு முன் போனது போனதுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை நிறுத்தும் அல்லது குறைக்கும் பெற்றோருக்கு அரசு தரும் எல்டர்ன்கெல்டுக்கு இன்னும் மோசம், பின்னோக்கி மூன்றே மாதம்.

அடுத்தது, பணம் யார் பெயரில் வர வேண்டும் என்பது. அம்மா அப்பா இருவரில் ஒருவருக்குத்தான் தருவார்கள், யார் என்று நாமே முடிவு செய்து இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ஒரு ஜெர்மன் குடிமகன் இருக்கும்போது அவர் பெயரைப் போட்டால் விசா பற்றி ஒரு கேள்வியும் வராது. இவர்கள் என் பெயரைப் போட்டு, என் வதிவிட அனுமதி அட்டையின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள். எனக்கும் உரிமை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. இரண்டு பேரும் இந்தியர்களாக இருந்தால் கதை வேறு. ப்ளூ கார்டோ (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) நிரந்தர அனுமதியோ இருப்பவர்களுக்குக் கிடைக்கும், மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது, அங்கே அட்டையில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும்.

அவர்கள் நிரப்பி எங்கள் பார்வைக்கு அனுப்பிய ஃபார்மைத் திறந்தால் இன்னொரு கூத்து. என் பாஸ்போர்ட்டில், நம்மில் பலருக்கு இருப்பது போல, குடும்பப் பெயர் கட்டம் காலி, என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அடித்தவர், என் மகளின் குடும்பப் பெயர் கட்டத்தில் அவளுடைய தாத்தா பெயரைப் போட்டுவிட்டார்! பிறப்புச் சான்றிதழில் இருப்பது என் கணவரின் குடும்பப் பெயர், வரி எண் கடிதத்திலும் அதேதான். அப்படியே போயிருந்தால் விளக்கம் கேட்டு ஃபமிலியன்காஸேயிலிருந்து கடிதம் வந்திருக்கும். நம்மவர்களுக்கென்றே நடத்தும் ஏஜென்சி இனிஷியல் விஷயத்தில் தடுக்கி விழுவதை என்னவென்று சொல்வது?

கடைசியில் வரி எண் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாங்களே உட்கார்ந்து கணவர் பெயரில் அனுப்பினோம். பணம் வந்தது.

ஜெர்மன் பாஸ்போர்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா ஜெர்மன் என்றால் மகள் பிறக்கும்போதே ஜெர்மன், குடியுரிமைக்கென்று விண்ணப்பமே கிடையாது. கல்யாணம் ஆகாத ஜோடி, அதில் அப்பா மட்டும் ஜெர்மன் என்றால் தந்தைமையைச் சட்டப்படி ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை. குழந்தைகளுக்கான தனிப் பாஸ்போர்ட்டை 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், இப்போது பெரியவர்களுக்கு இருக்கும் அதே புத்தகம், ஆறு வருடம் செல்லும்.

இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் போக முடியாததற்குக் காரணம் மூன்றாவது வேலை. "ஜெர்மனி இப்ப இரட்டைக் குடியுரிமை தர்றாங்க மேடம், ரெண்டு பாஸ்போர்ட்டும் எடுத்துடலாம்" என்றார் அங்கிருந்த ஆலோசகர். முதல் பாதி உண்மை. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி தன் பக்கம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் இந்தியா திறக்கவில்லையே! 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். பதியும்போது குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கையால் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு மறு கையால் எங்களை அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "அண்ணா, இது பொய் சொல்றது இல்லையா?" என்று கேட்டேன். "எல்லாரும் பண்றாங்க மேடம்" என்றார். அதோடு அந்த வேலையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பேரும் இந்தியர்களாக உள்ள குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். அம்மா அப்பாவில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி ஜெர்மனியில் வாழ்ந்து நிரந்தர அனுமதியும் வைத்திருந்தால், அங்கே பிறக்கும் குழந்தை தானாகவே ஜெர்மன் ஆகிவிடுகிறது, நீங்கள் ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்காவிட்டாலும். முன்பு எட்டு வருடம் என்று இருந்ததை 2024-இல் ஐந்தாக்கினார்கள். இப்படி இரண்டு பக்கமும் குடியுரிமை உள்ள பிள்ளை, பதினெட்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று அதே இந்தியச் சட்டம் சொல்கிறது. பேக்கேஜ் விற்பவர்கள் யாரும் இதை வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்குச் சரிப்பட்டது ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே குழந்தைக்குக் கிடைக்கும். இது குடியுரிமை இல்லை, ஆயுள் முழுக்கச் செல்லும் விசா என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, மற்றபடி போகலாம் வரலாம். ஃபார்மில் கஷ்டம் எதுவும் இல்லை, கஷ்டமெல்லாம் குழந்தையிடம்தான். சதுரப் படத்துக்கு அவள் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்க வேண்டும், பின்னால் யார் கையும் தெரியக்கூடாது. கையெழுத்துக் கட்டத்தில் பெருவிரல் ரேகை. இறுக்கி மூடிய முஷ்டியிலிருந்து அந்தக் குட்டி விரலை மெல்லப் பிரித்து, மையில் ஒற்றி, கோட்டைத் தொடாமல் கட்டத்துக்குள் வைப்பதற்குள் மை என் சட்டையிலும் அவள் கன்னத்திலும். இருபது வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் அதன் நகலையும் புதுப் படத்தையும் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதையும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குத்தான் உதவி தேவை என்றால், அம்மா ஒரு ஐரோப்பிய நாட்டிலும் அப்பா இன்னொன்றிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு. கிண்டர்கெல்ட் மாதிரியான தொகையைக் குழந்தை வசிக்கும் நாடு முதலில் தரும், மற்ற நாட்டில் தொகை அதிகம் என்றால் வித்தியாசத்தை அது தரும், இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு தோழிக்காக இதே ஏஜென்சியில் விசாரித்தேன், "அது நம்ம பேக்கேஜ்ல வராது மேடம்" என்றார்கள். குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்பினால் ஃபமிலியன்காஸேக்கு உடனே தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள் என்பதும் அவர்கள் தந்த வழிகாட்டித் தாளில் இல்லை.

மூன்றாவது வேலைக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. பணம் வந்தால் இதே இடத்தில் திருத்தி எழுதுகிறேன், நட்சத்திரம் மட்டும் ஏறாது.